அக்வாபோனிக்ஸ் மீனுக்குத் தாது உப்பு: தீவனத்தில் எது, தண்ணீரில் எது

அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் தொட்டித் தண்ணீரிலேயே மண்ணில்லாமல் செடி வளர்க்கிற முறை, ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே பிரச்சினைதான் வருகிறது. மீன் நன்றாகத் தின்கிறது, சோதனைக் குழாயில் நைட்ரேட் நிறம் காட்டுகிறது, ஆனாலும் கீரையின் கொழுந்து வெளுத்துப்போய் நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. சத்துக் குறைவு என்று யாரோ சொல்ல, ஒரு தாது உப்புக் கலவை வாங்கி மீன் தீவனத்தில் பிசறிப் போட ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று வாரம் போட்டும் கீரை தேறவில்லை, தொட்டியிலிருந்த நத்தைகள் மட்டும் செத்து மிதந்தன. நான் வாங்கியது மாட்டுக்கான கலவை, அதில் தாமிரம் அதிகம் என்பது பாக்கெட்டைத் திருப்பிப் படித்தபோதுதான் தெரிந்தது.

புதிதாக வருகிறவர்கள் ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாத் தாதுவும் தீவனம் வழியாகப் போக வேண்டியதில்லை. சிலது மீனின் வயிற்றுக்குள் போயே ஆக வேண்டும், சிலதை நேராகத் தண்ணீரில் விட்டால்தான் செடிக்குக் கிடைக்கும், இன்னும் சிலது உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவை. இந்தப் பிரிவு புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கணக்கைப் பாருங்கள்

ஒரு நாளைக்கு 100 கிராம் தீவனம் போடுகிறீர்கள், அதில் புரதம் 32 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் 16 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஆக ஏறக்குறைய 5 கிராம் நைட்ரஜன் தினமும் தொட்டிக்குள் போகிறது. மீன் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வது அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோதான், மீதி தண்ணீருக்கும் கழிவுக்கும் வந்துவிடும். செடிக்கு இது தாராளம்.

இப்போது பொட்டாசியத்தைப் பாருங்கள். இலைக் கீரையோ தக்காளியோ, நைட்ரஜன் எடுக்கிற அளவுக்கு ஈடாகவோ அதற்கு மேலோ பொட்டாசியம் எடுக்கும். ஆனால் மீனுக்கு அது கொஞ்சம் போதும் என்பதால் தீவனம் செய்கிறவர்கள் அதைக் கூட்டுவதில்லை, சாதாரணத் தீவனத்தில் அது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கும். 100 கிராமில் ஒரு கிராம்கூட முழுதாக வராது. தீவனம் மீனை மனதில் வைத்துச் செய்தது, செடியை நினைத்து அல்ல. அதனால் பொட்டாசியம், கால்சியம், இரும்பு இந்த மூன்றும் பெரும்பாலான அக்வாபோனிக்ஸ் தொட்டிகளில் குறையும், உங்கள் தொட்டியில் மட்டும் அல்ல. விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் அக்வாபோனிக்ஸ் ஆய்வாளர் ஜேம்ஸ் ராக்கோசி பல ஆண்டுகள் நடத்திய அமைப்பிலும் இந்த மூன்றைத்தான் வெளியிலிருந்து சேர்த்தார்கள்.

இரும்பின் கதை கொஞ்சம் வேறு. தீவனத்தில் இரும்பு இல்லாமல் இல்லை, மீனுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. ஆனால் காற்றோட்டமுள்ள தண்ணீரில் அது துருவாக மாறிக் கசடோடு படிந்துவிடுகிறது. தீவனத்தில் எவ்வளவு இரும்பு கூட்டினாலும் இதே கதிதான். நான் மூன்று வாரம் பிசறிப் போட்டும் கொழுந்து பச்சையாகாததற்குக் காரணம் இதுதான்.

படி 1: தீவனப் பையைத் திருப்பிப் படியுங்கள்

கடையில் வாங்குகிற முழுமையான மிதவைத் தீவனம் என்றால், மீனுக்கு வேண்டிய தாது உப்பும் வைட்டமினும் ஏற்கெனவே அதில் இருக்கிறது. அதன் மேல் இன்னும் கலவை சேர்ப்பது தேவையில்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும்கூட. பையில் பார்க்க வேண்டியவை: புரதம், பாஸ்பரஸ், உப்பு, மொத்தச் சாம்பல், தயாரித்த தேதி. சாம்பல் என்ற சொல்லைப் பார்த்துப் பலர் குழம்பிவிடுகிறார்கள். உர மூட்டையில் சாம்பல் சத்து என்றால் பொட்டாசியம். தீவனப் பையில் சாம்பல் என்றால் தீவனத்தை எரித்தால் மிஞ்சுகிற எல்லாத் தாதுவும் சேர்ந்த எடை. எலும்பு நிறைய அரைத்துப் போட்டாலும் அந்த எண் கூடும், அதனால் சாம்பல் அதிகம் என்பதை வைத்துத் தீவனம் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம்.

தேதி ஏன் என்றால், பழைய தீவனத்தில் தாது அப்படியே இருக்கும், வைட்டமின் போய்விடும், முக்கியமாக வைட்டமின் சி. முதுகு வளைந்த மீனைப் பார்த்ததும் கால்சியம் குறைவு என்று நினைக்கிறோம், பல நேரம் அது வைட்டமின் சி குறைவு. ஈரம் படாத, வெயில் விழாத இடத்தில் வைத்து இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

படி 2: சொந்தத் தீவனம் என்றால் இதைக் கவனியுங்கள்

அசோலா, வாத்துப்பாசி, புழு, பிண்ணாக்கு என்று வீட்டிலேயே தீவனம் செய்கிறவர்களுக்குத்தான் உண்மையில் தாது உப்பு தீவனத்தில் சேர வேண்டும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மீன் கால்சியத்தைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே இழுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் அப்படி இல்லை, தண்ணீரில் அது மிகக் குறைவு, தீவனத்தில் வந்தால்தான் உண்டு. அதனால் மீனைப் பொறுத்தவரை முதலில் யோசிக்க வேண்டிய தாது பாஸ்பரஸ். குறைந்தால் வளர்ச்சி நிற்கும், எலும்பு மெலியும், கெண்டைக்குத் தலையே கோணலாகும். பிண்ணாக்கிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் நிறைய இருப்பதாகத் தாளில் தெரியும், ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு வரை பைட்டேட் என்ற பிணைப்புக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதை உடைக்கிற நொதி மீனிடம் இல்லை, அப்படியே வெளியே போய்விடும். ஊறவைத்துப் புளிக்கவைத்தால் அந்தப் பூட்டு ஓரளவு திறக்கும். பைட்டேஸ் நொதி கிடைத்தால் அதைச் சேர்ப்பது இன்னும் நல்லது.

வெளியிலிருந்து பாஸ்பரஸ் சேர்ப்பதானால் எந்த மீன் என்று பாருங்கள். திலேப்பியாவுக்கும் கெளுத்திக்கும் அமிலம் சுரக்கிற இரைப்பை உண்டு, டைகால்சியம் பாஸ்பேட் அவற்றுக்குச் செரிக்கும். கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது, அதனால் டைகால்சியம் பாஸ்பேட்டில் இருப்பதில் பாதிகூட அதன் உடம்பில் சேராது, எலும்புத் தூள் இன்னும் மோசம். கெண்டை வளர்க்கிறவர்கள் மோனோகால்சியம் பாஸ்பேட் வாங்குங்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எலும்புத் தூளை அள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, ஏனென்றால் மீனுக்கு அதனால் நன்மை குறைவு, தீங்கு நிஜம். கால்சியமும் பாஸ்பேட்டும் மிஞ்சினால் துத்தநாகம் உடம்பில் சேராமல் தடுக்கும். முட்டை ஓட்டுத் தூளை அளவில்லாமல் சேர்ப்பதும் இதே கணக்கு.

துத்தநாகம் என்றதும் இன்னொன்று. சுத்தமான சோதனைத் தீவனத்தில் கெளுத்திக்கு ஒரு கிலோவுக்கு 20 மி.கி. துத்தநாகம் போதும். அதே மீனுக்குப் பிண்ணாக்குத் தீவனம் கொடுத்தால் 150 மி.கி. வரை வைக்கச் சொல்கிறார்கள், காரணம் அதே பைட்டேட்தான். துத்தநாகம் குறைந்த மீனுக்குத் துடுப்பு அரித்துப்போகும், டிரவுட் மீனில் கண்ணில் புரை விழுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

செலினியம் இருப்பதிலேயே ஆபத்தானது. கெளுத்திக்குத் தேவை ஒரு கிலோ தீவனத்துக்குக் கால் மி.கி. 15 மி.கி. ஆனால் நஞ்சு. வீட்டுத் தராசில் இதை நிறுக்கவே முடியாது. எனவே செலினியம், அயோடின், மாங்கனீசு, தாமிரம் எதையும் தனித்தனியாக வாங்க வேண்டாம். மீனுக்கென்றே தயாரித்த கலவையாக வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவை மட்டும் போடுங்கள். மாட்டுக்கானது, கோழிக்கானது எதுவும் வேண்டாம்.

படி 3: கலவையைத் தீவனத்தில் ஏற்றுவது

தூளை உலர்ந்த குருணையின் மேல் தூவினால் தொட்டியில் விழுந்ததும் கரைந்து போய்விடும், மீன் வாய்க்கு எட்டாது. ஒட்டவைக்க வேண்டும். சமையல் ஜெலட்டின் 5 கிராமை 100 மில்லி வெந்நீரில் கரைத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். ஒரு கிலோ குருணைக்கு இதில் 40 முதல் 50 மில்லி போதும். தாதுக் கலவையை இந்தக் கரைசலில் நன்றாகக் கலக்கி, அகலப் பாத்திரத்தில் குருணையைப் பரப்பி, தெளித்துத் தெளித்துப் புரட்டுங்கள். எல்லாக் குருணையும் ஒரே மாதிரி மினுமினுக்க வேண்டும், சொதசொதவென்று ஆகக் கூடாது. நிழலில், காற்றில் உலர்த்துங்கள். ஜெலட்டின் இல்லையென்றால் ஒரு கிலோவுக்கு 20 மில்லி தாவர எண்ணெய் போதும், ஆனால் பிடிப்பு கொஞ்சம் குறைவு.

ஒரு வாரத்துக்கு மேல் செய்து வைக்காதீர்கள். இரும்பும் தாமிரமும் ஈரத்தோடு சேர்ந்தால் கொழுப்பைச் சிக்கடிக்கவைக்கும், வைட்டமினையும் சிதைக்கும். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

சொந்தமாகக் குருணை பிழிகிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை, மாவு பிசையும்போதே கலந்துவிடலாம். அப்போதும் கலவையை முதலில் கொஞ்சம் மாவோடு கலந்து, அதை இன்னும் கொஞ்சம் மாவோடு, பிறகு மொத்தத்தோடு என்று படிப்படியாகக் கலக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ஒரு உருண்டைக்குள் பத்து மடங்கு, அடுத்ததில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

படி 4: செடிக்கானதைத் தண்ணீரில் விடுங்கள்

எதை விடுவதற்கு முன்பும் பிஎச், அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மை, பாருங்கள். பிஎச் 7.5க்கு மேல் இருந்தால் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது, பாஸ்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். அந்த நிலையில் உரம் கொட்டுவது வீண். மீன், பாக்டீரியா, செடி மூன்றுக்கும் பொதுவாக ஒத்துவருவது 6.8 முதல் 7 வரை.

நைட்ரேட் உண்டாக்குகிற பாக்டீரியா தண்ணீரின் காரத்தைத் தின்றுகொண்டே இருப்பதால் பிஎச் தானாக இறங்கும். அதை ஏற்றத்தான் வேண்டும், அப்படி ஏற்றும்போதே கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் கொடுத்துவிடலாம். ஒரு முறை நீர்த்த சுண்ணாம்பு, அடுத்த முறை பொட்டாசியம் பைகார்பனேட், இப்படி மாற்றி மாற்றி. இந்த இரட்டை வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது, பிஎச்சைச் சரிசெய்யும் செலவிலேயே செடிக்கு இரண்டு சத்து. ராக்கோசியின் அமைப்பில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்தினார்கள். அது தோலையும் கண்ணையும் எரித்துவிடும், கையுறையும் கண்ணாடியும் போட்டுத் தண்ணீருக்குள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. புதியவர்களுக்குப் பைகார்பனேட்டே நல்லது.

1000 லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சுண்ணாம்பில் தொடங்குங்கள், வாளித் தண்ணீரில் கரைத்து, மீன் தொட்டியில் இல்லாமல் சம்ப்பில், அதாவது தண்ணீர் வந்து சேர்கிற அடித்தொட்டியில், விடுங்கள். ஒரே நாளில் 0.2க்கு மேல் பிஎச்சை ஏற்றாதீர்கள். பிஎச் ஒன்று கூடினால் தண்ணீரிலுள்ள அம்மோனியாவில் நஞ்சான பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும். சமையல் சோடாவை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம், காரணம் சோடியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இரும்பை எப்போதும் சீலேட் வடிவில், அதாவது துருவாகிப் படியாதபடி ஒரு கரிமச் சேர்மம் பிடித்துவைத்திருக்கிற வடிவில், வாங்குங்கள். மலிவான இரும்பு சல்பேட் விட்ட கொஞ்ச நேரத்தில் துருவாகிவிடும். சீலேட்டிலும் வகை உண்டு. இடிடிஏ வகை பிஎச் 6.5க்குக் கீழேதான் நிற்கும். டிடிபிஏ 7.5 வரை தாங்கும், நம் தொட்டிக்குப் பொருத்தம் இதுதான். இடிடிஎச்ஏ இன்னும் அதிக பிஎச்சிலும் நிற்கும், ஆனால் தண்ணீர் சிவந்துவிடும். மீனுக்கு ஒன்றும் ஆகாது, பார்த்துப் பயப்படாதீர்கள்.

அளவு: லிட்டருக்கு 2 மி.கி. இரும்பு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. 1000 லிட்டருக்கு 2 கிராம் சுத்த இரும்பு வேண்டும். டிடிபிஏ பாக்கெட்டில் இரும்பு 11 சதவீதம் என்று போட்டிருந்தால், 2ஐ 0.11ஆல் வகுங்கள், 18 கிராம் தூள். 6 சதவீதம் என்று இருந்தால் 33 கிராம். பாக்கெட்டின் எடையையே இரும்பின் எடை என்று நினைத்து 2 கிராம் தூள் போட்டுவிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

சில ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருக்கும், பிஎச் இறங்கவே இறங்காது. அங்கே கால்சியம் ஏற்கெனவே உண்டு, பொட்டாசியத்தை மட்டும் பொட்டாசியம் சல்பேட்டாகக் கொடுங்கள். உர மூட்டையில் 50 என்று போட்டிருப்பது பொட்டாசியத்தின் அளவு இல்லை, அதன் ஆக்சைடின் அளவு, 0.83ஆல் பெருக்கினால்தான் உண்மையான பொட்டாசியம் வரும். 1000 லிட்டரில் லிட்டருக்கு 20 மி.கி. கூட்ட ஏறக்குறைய 48 கிராம் ஆகும். மெக்னீசியம் குறைந்தால் எப்சம் உப்பு, அதில் பத்தில் ஒரு பங்குதான் மெக்னீசியம்.

சுண்ணாம்பு, இரும்பு, பாஸ்பேட் இவற்றை ஒரே வாளியில் கலக்காதீர்கள். தனித்தனி நாளில் விடுவது நல்லது.

இலையைப் படிக்கப் பழகுங்கள்

பழைய இலையா, புது இலையா என்று முதலில் பாருங்கள். பொட்டாசியம், மெக்னீசியம், நைட்ரஜன் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும், அதனால் அடி இலைதான் முதலில் வாடும். ஓரம் மட்டும் கருகினால் பொட்டாசியம், நரம்புக்கு நடுவில் மஞ்சளானால் மெக்னீசியம், இலை முழுக்க வெளிறினால் நைட்ரஜன். இரும்பும் கால்சியமும் அப்படி நகராது, குறைவு கொழுந்தில்தான் தெரியும். கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்பு. கொழுந்தின் நுனி கருகினால், தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகினால் கால்சியம். ஆனால் கால்சியம் தண்ணீரில் இருந்தும், காற்று அசையாத புழுக்கத்தில் செடி நீரை ஆவியாக்க முடியாமல் அது மேலே ஏறாமல் போவதும் உண்டு. அங்கே சுண்ணாம்பை விட ஒரு மின்விசிறி உதவும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து பத்து நாள் காத்திருங்கள். வெளுத்த பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அடுத்து விடுகிற கொழுந்தைப் பாருங்கள்.

உள்ளே வரக் கூடாதவை

சோடியம். தீவனத்தில் உப்பு உண்டு, மீன் தூளிலும் உண்டு. செடி அதை மிகக் கொஞ்சமே எடுக்கும் என்பதால் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். லிட்டருக்கு 50 மி.கி.யைத் தாண்டாமல் வைக்க வேண்டும் என்பது ராக்கோசி சொன்ன அளவு. மீனுக்கு நோய் வந்தால் உப்புப் போடுவது நல்ல வைத்தியம்தான், ஆனால் அதைத் தனித் தொட்டியில் செய்யுங்கள், செடியோடு இணைந்த தண்ணீரில் வேண்டாம். சேர்ந்துவிட்ட சோடியத்தைக் குறைக்கத் தண்ணீர் மாற்றுவதுதான் வழி.

தாமிரமும் துத்தநாகமும். தீவனத்தில் மீனுக்கு வேண்டிய தாமிரம் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. மட்டுமே. தண்ணீரில் கரைந்த தாமிரம் நத்தையையும் புழுவையும் முதலில் கொல்லும், அப்புறம் மீனின் செவுளைத் தாக்கும், மென்மையான, பிஎச் குறைந்த தண்ணீரில் இன்னும் வேகமாக. பித்தளை வால்வு, செம்புக் குழாய், துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டி இவையும் மெல்லக் கசியும். பிளாஸ்டிக்கே போதும்.

கசடைக் கொட்டிவிடாதீர்கள்

தீவனத்தில் நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாஸ்பரஸிலும் கால்சியத்திலும் பெரும்பங்கு, துத்தநாகம் மாங்கனீசு போன்றவற்றிலும்கூட, மீன் கழிவின் திடப் பகுதியில்தான் இருக்கிறது. வடிகட்டியைக் கழுவி வெளியே ஊற்றும்போது அதெல்லாம் போகிறது. அந்தக் கசடை ஒரு டிரம்மில் சேர்த்து, காற்றுக்கல் போட்டு ஒன்றிரண்டு வாரம் குமிழ விடுங்கள். பிறகு காற்றை நிறுத்தி ஒரு மணி நேரம் படியவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். டிரம்மிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்த நீரைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், காற்று போதவில்லை என்று அர்த்தம், அது மீனைக் கொல்லும். நாற்றம் வந்த டிரம்மை மண்ணில் நிற்கிற மரத்துக்கு ஊற்றிவிட்டு, இன்னொரு காற்றுக்கல் போட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.